ஒரே ஒரு பங்கை விற்றுப் பாருங்கள்

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் 16 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். விடியற்காலையில் ஏலம் தொடங்கும்போது நோட்டைத் திறந்தால், லாரிகள் கிளம்பி, விவசாயிகளுக்குச் சீட்டுப் போட்டுப் பணம் கொடுத்து முடிக்க ஒன்பது மணி ஆகிவிடும். பங்குச்சந்தை திறப்பது 9:15க்கு. மண்டி ஓயும் நேரத்தில் அது தொடங்கும். 2020 ஊரடங்கு நாட்களில் அது என் போனுக்குள் வந்து சேர்ந்ததற்கு இந்த நேரப் பொருத்தமும் ஒரு காரணம்.

கணக்குத் திறந்து கொடுத்தவன் என் அண்ணன் மகன். ஓசூரில் ஒரு ஆலையில் வேலை செய்கிறான். "அத்தை, பான் கார்டு, ஆதார், வெள்ளைத்தாள்ல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்" என்றான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடித்துவிட்டான். "ஓடிபி மாத்தி மாத்தி வரும், நீங்க ஏலத்துல இருப்பீங்க. என் நம்பரையே போட்டுடறேன்" என்று அவன் போன் நம்பரையும் அவன் மெயிலையும் கொடுத்தான். நான் சிரமப்படக் கூடாது என்று நினைத்துச் செய்ததுதான். எனக்கும் அது அப்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

வாங்குவது அவ்வளவு சுலபமாக இருந்தது. பேரைத் தேடு, எண்ணிக்கையைப் போடு, பச்சைப் பட்டனைத் தள்ளு. ஒரு சின்னக் கம்பெனியின் பங்கு 300, தலா 76 ரூபாய்க்கு வாங்கினேன். 22,800 ரூபாய். சீட்டு எடுத்த பணத்தில் ஒரு பகுதி அது. சில வாரங்களில் 84 ஆனது. போதும், விற்றுவிடலாம் என்று 2021 ஜனவரியில் ஒரு காலை மண்டியிலிருந்தே ஆப்பைத் திறந்தேன். விலை 82இல் இறங்கிக்கொண்டிருந்தது. விற்கும் பட்டனைத் தொட்டதும், அதுவரை நான் பார்த்தே இராத ஒரு பக்கம் திறந்தது. சிடிஎஸ்எல் டி-பின் போடுங்கள் என்று கேட்டது. சிடிஎஸ்எல் என்பது நம் பங்குகளை நம் பேரில் வைத்திருக்கும் நிறுவனம். டி-பின் என்பது பங்கை விற்கும்போது நம் சம்மதத்துக்காகக் கேட்கும் ரகசிய எண்.

அந்த எண் என்னவென்றே அப்போது எனக்குத் தெரியாது. மறந்துவிட்டால் புதிது கேட்கலாம் என்று ஒரு வரி இருந்தது. கேட்டேன். அது அண்ணன் மகன் போனுக்குப் போனது. அவனுக்கு அன்று முதல் ஷிப்ட். ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டும். நான் 14 முறை கூப்பிட்டிருக்கிறேன். ஷிப்ட் முடிந்து இரண்டே முக்காலுக்கு அவன் என்னைத் திரும்பக் கூப்பிட்டபோது பங்கு அன்றைய லோயர் சர்க்யூட்டைத் தொட்டிருந்தது. அதாவது அந்தப் பங்கு ஒரே நாளில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்று எக்ஸ்சேஞ்ச், அதாவது பங்குச்சந்தை, வைத்திருக்கும் எல்லை. அந்த எல்லையில் விற்க வரிசையாக ஆள் நிற்கிறார்கள், வாங்க ஒருவர்கூட இல்லை. டி-பின் போட்டு, ஓடிபி போட்டு, ஆர்டரும் போட்டேன். ஆர்டர் அப்படியே நின்றது. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. நான்காம் நாள் 69.50க்கு விற்றது. 82க்கு விற்றிருந்தால் 1,800 ரூபாய் லாபம். கிடைத்தது 1,950 ரூபாய் நஷ்டம்.

பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு. வாங்கக் கற்றுக்கொடுக்க அத்தனை பேர் இருந்தார்கள். விற்கும்போது என்ன கேட்பார்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மண்டி முதலாளி அண்ணனிடம் சொன்னபோது அவர் பங்குச்சந்தை பற்றி ஒன்றும் பேசவில்லை. "ஏம்மா, சரக்கு ஏத்தறதுக்கு முன்னாடி இறக்கற எடம் தெரியணும்ல?" என்றார். தக்காளிக்கு இத்தனை வருடமாக நான் அறிந்து வைத்திருந்த விஷயம் அது.

முதல் வேலையாகப் போன் நம்பரையும் மெயிலையும் என் பேருக்கு மாற்றினேன். ஆதார் ஓடிபி வைத்து ஆன்லைனிலேயே செய்ய முடிந்தது. பிள்ளைகள், மருமகன், தெரிந்த பையன் என்று யாராவது உங்களுக்குக் கணக்குத் திறந்து தந்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் ஆப்பில் உங்கள் விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே இருக்கும் நம்பர் உங்கள் கையில் இருக்கும் போனுடையதா என்று பாருங்கள். எங்கள் பக்கம் பெண்கள் பேரில் இருக்கும் கணக்குகளில் பாதிக்கு மேல் நம்பர் வேறு யாருடையதோதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். கூடவே நாமினி பேரும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

2022 கடைசியில் டிடிபிஐ என்று ஒரு பத்திரம் வந்தது. தரகருக்கு நாம் கொடுத்துவந்த பழைய பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதிலாக, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி கொண்டுவந்தது. அதில் ஒருமுறை கையெழுத்திட்டால் விற்கும்போதெல்லாம் டி-பின் போட வேண்டாம். நான் உடனே போடவில்லை. பத்திரத்தை முழுதாகப் படித்தேன். நாம் விற்ற பங்கை ஒப்படைக்க, மார்ஜின் என்ற ஈட்டுத் தொகைக்காக அடமானம் வைக்க, எக்ஸ்சேஞ்ச் வழியாக மியூச்சுவல் ஃபண்ட் வாங்கி விற்க, கம்பெனியை வாங்க வருபவர் அறிவிக்கும் ஓப்பன் ஆஃபரில் பங்கைக் கொடுக்க, இந்த நான்குக்கு மட்டும்தான் அது செல்லும். மற்ற எதற்கும் தரகர் நம் பங்கில் கை வைக்க முடியாது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்திட்டேன். குறித்த விலை வந்ததும் தானாகக் கிளம்பும் ஜிடிடி ஆர்டர் போட்டு வைப்பவர்களுக்கு இது தேவைப்படும். விலை வந்து ஆர்டர் கிளம்பும் நேரத்தில் நாம் டி-பின் போட அங்கே இருக்க மாட்டோமே.

விலை விஷயத்திலும் மண்டியில் தெரிந்ததை ஆப்பில் மறந்திருக்கிறேன். மண்டியில் முதல் பெட்டிக்குக் கிடைத்த விலை கடைசிப் பெட்டிக்குக் கிடைக்காது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஒருநாள் திரையில் 42.10 என்று பார்த்து, 500 பங்குக்கு, கிடைக்கிற விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டேன். அந்த விலையில் விற்க வைத்திருந்தவரிடம் கொஞ்சம்தான் இருந்தது. மிச்சத்தை அடுத்தடுத்த விலைகளில் வாரிக்கொண்டு வந்தது. சராசரி 43.35. ஒரு நொடியில் 625 ரூபாய் கூடுதல். அன்றிலிருந்து லிமிட் ஆர்டர்தான். இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். கிடைக்காவிட்டால் கிடைக்காமல் போகட்டும். விலைக்குக் கீழே எந்த விலையில் எவ்வளவு நிற்கிறது என்று ஐந்து வரி காட்டுவார்கள், அதைப் பார்க்காமல் சின்னக் கம்பெனிப் பங்கைத் தொடுவதில்லை.

வாங்கியதை அன்றே விற்றுவிடும் இன்ட்ராடேவும் மூன்று மாதம் செய்து பார்த்தேன். மண்டி நோட்டில் எழுதுவது போலவே ஒவ்வொன்றையும் எழுதினேன். 82 முறை வாங்கி விற்றிருந்தேன், ஒவ்வொன்றும் சுமார் 20,000 ரூபாய்க்கு. ஆப் காட்டிய லாபம் 4,200 ரூபாய். ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய் தரகு, வாங்க ஒன்று விற்க ஒன்று, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அது மட்டுமே 3,870 ரூபாய். விற்ற தொகையில் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி 0.025 சதவீதம், அது 410 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் முத்திரைக் கட்டணமும் தனி. கூட்டிப் பார்த்தால் மூன்று மாத உழைப்புக்குப் பிறகு கையிலிருந்துதான் போயிருந்தது. தினமும் மாலை மெயிலில் வரும் அன்றைய கணக்குச் சீட்டான கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். பச்சை எண்ணை நம்பாதீர்கள், கான்ட்ராக்ட் நோட்டின் கடைசி வரியைப் பாருங்கள். டெலிவரியில், அதாவது டிமேட் என்ற பங்குக் கணக்கில் சேரும்படி, வாங்கி வைத்ததை விற்றாலும், எத்தனை பங்கு என்று பார்க்காமல் ஒரு கம்பெனிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிபி கட்டணம் வரும். கொஞ்சம் கொஞ்சமாக நாலு நாள் விற்றால் நாலு முறை அது விழும்.

அப்புறம் ஆப் நின்றுபோகும் நாட்கள். 2021 பிப்ரவரி 24 அன்று முன்பகல் 11:40 மணிவாக்கில் என் திரையில் விலைகள் அசையவில்லை. சிக்னல் இல்லை என்று மாடிக்கு ஏறினேன், போனை அணைத்துப் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, நின்றது என்எஸ்இ என்ற எக்ஸ்சேஞ்சே என்று. பிற்பகல் 3:45க்கு மறுபடி தொடங்கி மாலை 5 மணி வரை நடந்தது. என்னிடம் இருந்தது டெலிவரியில் வாங்கிய பங்குகள் மட்டும். அந்த நாலு மணி நேரம் விற்க முடியவில்லை என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்று வருடம் கழித்து வந்த நாள் அப்படிப்பட்டது அல்ல. 2024 ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை. அண்ணன் மகன் லீவு போட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஒரு வருடமாக அவன் ஆப்ஷன், அதாவது குறித்த நாளுக்குள் விலை ஏறும் அல்லது இறங்கும் என்று பணம் கட்டும் ஒப்பந்த வியாபாரம், செய்துகொண்டிருந்தான், எனக்குத் தெரியும். முந்தின நாள் சந்தை 3 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. இன்னும் ஏறும் என்று 46,000 ரூபாய்க்கு நிஃப்டி என்ற சந்தைக் குறியீட்டின் மேல் கால் ஆப்ஷன் வாங்கி வைத்திருந்தான். அந்த வியாழக்கிழமை காலாவதி. உள்ளே டிவியில் தருமபுரித் தொகுதி நிலவரத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் திண்ணையில் போனோடு உட்கார்ந்திருந்தான். சந்தை திறந்ததுமே இறக்கம். வெளியே வந்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தவனுக்கு ஆப் திறக்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் போனில் போட்டுப் பார்த்தான், கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினான். போனில் ஆர்டர் சொல்லும் நம்பர் அவனிடம் குறித்து வைத்ததாக இல்லை. தேடிப் பிடித்தபோது லைன் கிடைக்கவில்லை. உள்ளே போக முடிந்தபோது கிட்டத்தட்ட நண்பகல். 46,000இல் மிச்சம் 3,500. அன்று நிஃப்டி 5.9 சதவீதம் இறங்கி முடிந்தது.

என் கணக்கும் அதே நிறுவனத்தில்தான். என்னுடையதும் திறக்கவில்லை. ஆனால் நான் சிடிஎஸ்எல்லின் ஈசி தளத்தை பிரவுசரில் திறந்து பார்த்தேன். என் பங்குகள் எத்தனை வாங்கினேனோ அத்தனையும் இருந்தன. இதை அவனுக்கும் காட்டினேன். பங்கு தரகரின் ஆப்பில் இல்லை, சிடிஎஸ்எல்லிலோ அது போன்ற இன்னொரு நிறுவனமான என்எஸ்டிஎல்லிலோ நம் பேரில் இருக்கிறது. ஆப் அதைக் காட்டும் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். ஆப்ஷன் அப்படி இல்லை. அதற்கு நேரம் உண்டு, அந்த நிமிடம் கை வைக்க முடியவில்லை என்றால் பணம் கரைந்துவிடும். ஆப் என்றாவது ஒருநாள் நிற்கும் என்று வைத்துக்கொண்டுதான் எதை வாங்குவது என்று யோசிக்க வேண்டும் என்பது அன்று எனக்கு உறுதியானது.

அவன் புகார் கொடுத்தான். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு மெயிலுக்கு, அப்புறம் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில். 21 நாளுக்குள் பதில் தர வேண்டும், வந்தது. ஆர்டர் எதுவும் தங்களிடம் வந்து சேரவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஆப் திறக்காததற்கு அவனிடம் ஆதாரம் ஒன்றுமே இல்லை. மணி தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட், அந்த நேரத்திலேயே அனுப்பிய ஒரு மெயில் இருந்திருந்தால் மேலே ஆன்லைன் தீர்வுத் தளத்துக்குக் கொண்டுபோகப் பிடி இருந்திருக்கும். பதற்றத்தில் யாருக்கும் தோன்றாது. அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். ஆப் நின்றால் முதலில் ஸ்கிரீன்ஷாட், உடனே மெயில், அப்புறம் போன். அந்த போன் நம்பர் எங்கள் வீட்டுக் காலண்டரின் பின்னட்டையில் இப்போது எழுதியிருக்கிறது.

அதே வருடம் செப்டம்பரில் செபி ஆய்வு ஒன்றை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓவில், அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரத்தில், இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தச் செய்தியை நான் அவனுக்கு அனுப்பவில்லை. அவனே எனக்கு அனுப்பினான். அதன் பிறகு அவன் ஆப்ஷன் பக்கம் போகவில்லை, கணக்கில் அந்தப் பகுதியையே நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டான்.

இன்னொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பலர் சொல்வார்கள். நானும் வேறொரு நிறுவனத்தில் திறந்தேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், முதல் டிமேட்டில் இருக்கும் பங்கை இரண்டாவது ஆப்பில் நேரடியாக விற்க முடியாது. புதிதாக வாங்குவதில் ஒரு பகுதியை அங்கே வாங்கி வைத்தால்தான் இரண்டு கணக்கு இருப்பதற்குப் பயன்.

இனிச் சொல்வது என் தோழியின் கதை. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். காரிமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். 2024இல் அவளை ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ சேர்த்தார்கள். தினமும் காலையில் பங்குப் பரிந்துரை, மாலையில் பத்து இருபது பேர் லாபத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள். பிறகு ஒரு லிங்க் வந்தது. ப்ளே ஸ்டோரில் இல்லாத ஆப். கம்பெனிகள் முதன்முதலாகப் பங்கு வெளியிடும் ஐபிஓவில் கட்டாயம் ஒதுக்கீடு உண்டு என்றார்கள். நகையை அடகு வைத்து, ஏழு தவணையாக 3,40,000 ரூபாய் போட்டிருக்கிறாள். ஆப்பில் 11 லட்சம் காட்டியது. 50,000 எடுக்கலாம் என்று போனபோது, முதலில் வரி 68,000 கட்டுங்கள் என்றார்கள். கட்டிவிட்டாலாவது வந்துவிடுமா என்று கேட்கத்தான் என்னிடம் வந்தாள்.

பணம் யார் பேருக்குப் போனது என்று கேட்டேன். ஏழு முறையும் ஏழு பேர். ஒன்று துணிக்கடை பேர், ஒன்று டிராவல்ஸ். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. உண்மையான தரகருக்கு நம் வங்கிக் கணக்கிலிருந்து மட்டும் பணம் போகும், எடுக்கும்போது அதே கணக்குக்கு வரும். நம் பணத்தை எடுக்க முன்பணமாக வரி கட்டச் சொல்லும் வழக்கமே கிடையாது, வரியை நாம் வருமான வரிக் கணக்கில் கட்டுகிறோம். அந்த நிறுவனத்தின் பதிவு எண்ணை செபி தளத்தில் தேடினோம், அந்த எண்ணில் இருந்தது வேறு நிறுவனம். டிமேட்டில் பங்கு வந்ததாக அவளுக்கு ஒரு எஸ்எம்எஸ்கூட வந்ததில்லை. சொல்லச் சொல்ல அவள் ஒன்றும் பேசவில்லை. தையல் மெஷின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அங்கிருந்தே கூப்பிட்டோம். சைபர் கிரைம் தளத்திலும் பதிவு செய்தோம். முந்தின நாள் அனுப்பிய 40,000 மட்டும் வழியில் முடக்கப்பட்டு, எட்டு மாதம் கழித்துக் கோர்ட் உத்தரவோடு திரும்பி வந்தது. மற்றது வரவில்லை. பணத்தை எடுக்க முடியவில்லை என்பது அவளுக்கு 20 நாள் முன்னாடியே தெரியும். வீட்டில் என்ன சொல்வார்களோ, ஊரில் என்ன பேசுவார்களோ என்று வெளியே சொல்லாமல், வந்துவிடும் என்று நம்பி மேலும் இரண்டு தவணை அனுப்பியிருக்கிறாள். அந்த 20 நாள்தான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். உங்கள் வீட்டில் யாராவது இப்படி வந்து சொன்னால், படித்துப் படித்துச் சொன்னேனே என்று தொடங்காதீர்கள். போனை எடுத்து 1930ஐ அழையுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

2025 அக்டோபரிலிருந்து செபியில் பதிவு பெற்ற தரகர்கள் பணம் வாங்கும் யுபிஐ முகவரிகளுக்கு 'வேலிட்' என்ற சொல் சேர்ந்த தனி அடையாளம் கொடுத்திருக்கிறார்கள். செபி செக் என்ற வசதியில் அந்த முகவரியும் வங்கிக் கணக்கும் உண்மையா என்று பார்த்துக்கொள்ளலாம். தோழிக்கு அது காலம் கடந்து வந்தது. இப்போது அவள் கடைக்குத் துணி கொடுக்க வருகிறவர்களிடம் அவளே இதைச் சொல்லி அனுப்புகிறாள்.

போன மாதம் எங்கள் மண்டியில் பெட்டி இறக்கும் தம்பி ஒருவன், "அக்கா, எனக்கும் ஒரு கணக்குத் திறந்து குடுங்க" என்று கேட்டான். அவன் போனிலேயே, அவன் நம்பரிலேயே, அவன் கையாலேயே எல்லாவற்றையும் போடச் சொன்னேன். மெயில் இல்லை என்றான், உருவாக்கினோம். கணக்கு வந்ததும் 2,000 ரூபாய்க்கு வாங்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், ஒரே ஒரு பங்கு வாங்கு என்றேன். நூற்றுச் சொச்சம் ரூபாயில் ஒன்று வாங்கினான். அது டிமேட்டில் சேர்ந்ததும், விற்றுவிடு என்றேன்.

"இப்பதானக்கா வாங்கினேன்?"

"வித்துப் பாரு."

டி-பின் கேட்டது. அவன் போனுக்கே வந்தது. ஓடிபி வந்தது, போட்டான். லிமிட் விலை போட்டு ஆர்டர் போட்டான், விற்றது. கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்து டிபி கட்டணம் எவ்வளவு என்று அவனே வாசித்தான். ஒரு பங்குக்கு இது அதிகம் என்று முகம் சுளித்தான். அடுத்த நாள் பணத்தை வங்கிக்கு அனுப்பக் கோரிக்கை போட்டான்.

அதற்கும் மறுநாள் விடியற்காலை, முதல் லாரி வந்து நின்று ஏலக்காரர் குரல் எடுக்கும் நேரத்தில், ஓடி வந்து போனை என் நோட்டின் மேல் வைத்தான். வங்கிக் கணக்கில் 94 ரூபாய் வரவு என்று எஸ்எம்எஸ் இருந்தது.

"வந்துடுச்சுக்கா" என்றான். பெட்டி இறக்கப் போனான்.